சுங்கை சிப்புட்டிலிருந்து சாங்தாங்குக்கு

மே 4
இந்தியாவின் லடாக்கில், லே நகரில் இருக்கும் வழிகாட்டியோடு இன்று போனில் பேசியாயிற்று. ஜூலையில் நானும் தங்கை மகனும் லடாக்கின் சாங்தாங் பீடபூமிக்குப் போகிறோம். ஆடும் யாக் மாடும் மேய்த்துப் பருவத்துக்கொரு புல்வெளி மாறும் சாங்பா மக்களின் இடம். போய்ச் சேரும் ஊர் கோர்சோக், த்சோ மோரிரி ஏரிக்கரையில். ஏரியின் நீர்மட்டமே 4,500 மீட்டருக்கு மேல். நம் மலேசியாவின் உச்சியான கினபாலு 4,095 மீட்டர்தான்.

மே 11
விடியற்காலையில் ஈப்போ போய்க் கிளெடாங் மலை ஏறினோம். மருமகன் நிற்காமல் ஏறிப் போய்விட்டான். கால் பழக இது போதும். ஆனால் மலை 800 மீட்டர்தான். உயரத்தில் வரும் நோய் ஆளின் பலத்தைப் பார்ப்பதில்லை, எவ்வளவு சீக்கிரம் மேலே வந்தான் என்றுதான் பார்க்கிறது. தில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லே, 3,500 மீட்டர். செம்பனைக் காட்டில் எத்தனை மைல் நடந்தாலும் அதற்கு உடம்பு தயாராகாது.

மே 18
பழைய துணி விற்கும் பண்டல் கடைக்குப் போனேன். குளிர் நாடுகளிலிருந்து வந்த பழைய ஜாக்கெட்டுகள் ஒரு மூலை முழுக்க, அந்துருண்டை வாசத்தோடு. வாத்து இறகு அடைத்த ஒன்றைப் பந்தாகச் சுருட்டி அமுக்கிப் பிடித்து, கையை எடுத்தேன். மெல்ல உப்பி எழுந்தது. இறகு இன்னும் உயிரோடு இருக்கிறது. தையல் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தேன், இறகு எதுவும் துருத்தவில்லை. 35 ரிங்கிட். சரி என்று வாங்கிவிட்டேன். அங்கே ஜூலையில் பகல் வெயில் சுட்டாலும், ராத்திரிக் குளிருக்கு இது வேண்டும்.

மே 24
உயரத்தில் வரும் நோயைத் தடுக்கும் டைமோக்ஸ் மாத்திரை பற்றிக் கிளினிக்கில் கேட்டோம். டாக்டர் முதலில் கேட்டது, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று. இருவருக்கும் பிரச்சினை இல்லை. விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், பயப்பட வேண்டாம் என்றார். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறக்கூடாது, முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். மாத்திரை அதற்கு மாற்று இல்லை.

மே 31
உடம்பு உயரத்துக்குப் பழக லேயில் சில இரவு தங்குவதாகத் திட்டம். ராத்திரி சாப்பிடும்போது மருமகன் ஆரம்பித்தான்.
“மாமா, லேயில ஒரு ராத்திரி போதாதா? எனக்கு லீவு பத்தாது.”
“பத்தலன்னா கோர்சோக் வேணாம்யா. லேயோட திரும்பிடுவோம்.”
அவன் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டம்தான். ஆனால் என் தங்கைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். கோர்சோக்கில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, இங்கே கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். அவசரம் அங்கே ஆளைக் கொன்றுவிடும்.

ஜூன் 7
சாங்பா மக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாக் முடியில் நெய்த கூடாரத்துக்கு ரெபோ என்று பெயர். பஷ்மினா ஆட்டின் உள்முடியைக் கோடையில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். கர்னாக் பகுதிக் குடும்பங்கள் பல மேய்ச்சலை விட்டு லே நகரின் ஓரத்தில் குடியேறிவிட்டன, பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும். அதைப் படித்தபோது தோட்டத் தொழிலாளர் குடியிருந்து, இப்போது காலியான எங்கள் லயங்கள் கண்ணில் வந்தன. தோட்டம் கைமாறியதும் எங்களைக் கிளம்பச் சொன்னார்கள். அவர்கள் தாங்களாகவே கிளம்புகிறார்கள். ஆனாலும் விட்டுவந்த இடத்தின் நினைப்பு ஒன்றுதானே? கூடாரத்துக்குள் யாராவது கூப்பிட்டால் உட்கார்ந்து பேச வேண்டும். கேமராவை நீட்டிக்கொண்டு நுழையக்கூடாது என்று மருமகனிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 14
அவனுக்குக் கூடுதல் லீவு கிடைத்துவிட்டது! வழிகாட்டிக்கு உடனே சொன்னேன். லேயில் மூன்று இரவு, அப்புறம் வெந்நீர் ஊற்று இருக்கும் சுமாதாங்கில் ஒன்று, பிறகுதான் கோர்சோக். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும், பதிவுபெற்ற ஏஜெண்ட் மூலமாகத்தான் எடுக்க முடியும். கடப்பிதழ், விசா நகல்களை இன்றே அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் மருமகனுக்குப் பூட்ஸ் வாங்க வேண்டும். இப்போதே வாங்கினால்தான் மலையேறிப் பழக்க நேரம் இருக்கும்.