பீஸ் பிரிட்ஜ் பாலம் கடக்குமுன்: குடும்ப விதிவிலக்குக்குக் கோப்பைத் தயார்செய்தல்

அமெரிக்காவிலிருந்து தரைவழியாக வந்து கனடாவில் தஞ்சம் கேட்பவரிடம், ஊரில் என்ன நடந்தது என்று எல்லையில் முதலில் ஆராய்வதில்லை. அவரை உள்ளே விடும் விதிவிலக்கு ஏதும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 2004 டிசம்பர் 29 முதல் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடைமுறையில் இருக்கும் பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தத்தின்படி, விதிவிலக்கு இல்லாதவர் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்படுவார். உயிருக்கு ஆபத்து என்று வருபவரிடம் உறவுமுறையை நிரூபிக்கச் சொல்வது அநியாயம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஆனால் அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து பீஸ் பிரிட்ஜ் பாலம் கடந்து கனடாவின் ஃபோர்ட் ஈரிக்கு வருபவர்களின் கோப்புகளைத் தயார்செய்யும் நாங்கள், அந்த நிரூபணத்தைப் பழுதில்லாமல் செய்துகொடுக்கத்தான் வேண்டும்.

செல்லுபடியாகும் கனடா விசா வைத்திருப்பவருக்கும், இரு நாட்டிலும் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் தனியாக வரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் விதிவிலக்கு உண்டு. எங்கள் ஆட்கள் பெரிதும் நம்பியிருப்பது, கனடாவில் நெருங்கிய உறவினர் இருப்பவருக்கான குடும்ப விதிவிலக்கை. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரர், பாட்டன், பாட்டி, பேரப்பிள்ளை, பெற்றோரின் உடன்பிறந்தார், உடன்பிறந்தாரின் பிள்ளை ஆகியோர் இதில் அடங்குவர். பெரியப்பாவின் மகன் அடங்கமாட்டார். "அண்ணா ரொறன்ரோவில இருக்கிறார்" என்று சொல்லி, விசாரிக்கையில் அவர் பெரியப்பாவின் மகன் என்று தெரியவந்தால், விதிவிலக்கு போவதோடு நம்பகத்தன்மையும் போய்விடும். அந்தப் பெரியப்பாவே கனடாவில் இருந்தால் அவரைத்தான் காட்டவேண்டும். உறவினர் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றவராக இருக்கலாம். அகதிக் கோரிக்கை, அதை விசாரித்து முடிவுசெய்யும் அகதிச் சபைக்கு அனுப்பப்பட்டு முடிவுக்குக் காத்திருப்பவரென்றால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து நிற்பவர் போதாது.

சித்தப்பாவைக் காட்டுவதென்றால் சங்கிலியில் நான்கு கண்ணிகள் வேண்டும்: உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அப்பாவினது, சித்தப்பாவினது, அவருடைய கனடா அந்தஸ்துக்கான அத்தாட்சி. அப்பாவின் சான்றிதழிலும் சித்தப்பாவின் சான்றிதழிலும் ஒரே தாய் தந்தையின் பெயர் இருக்கவேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் பெயர்தான் பின்னால் வருகிறது. ஒன்றில் கந்தையா, மற்றதில் கந்தையாப்பிள்ளை. ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆவணத்துக்கு ஆவணம் வேறு. இரண்டும் ஒருவரே என்று உறவினர், சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, பழைய பாடசாலைச் சான்றிதழோ திருமணப் பதிவோ இணைத்தால் அதிகாரி ஏற்க இடமுண்டு. தமிழ், சிங்கள ஆவணங்களுக்கு உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பு கட்டாயம் வேண்டும்.

பலரும் கவனிக்காதது, சித்தப்பாவின் பழைய கோப்பு. அவர் கனடாவுக்கு வந்தபோது கொடுத்த படிவத்தில் சகோதரர்களின் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் அப்பாவின் பெயர் விடுபட்டிருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அந்தப் பிரதியை எடுத்து, விடுபட்ட காரணத்தையும் சத்தியக் கடதாசியிலேயே எழுதிவிடுங்கள்.

எல்லையில் கைரேகையும் படமும் எடுத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் நேர்காணல் நடக்கும். அதே நேரத்தில் உறவினரைத் தொலைபேசியில் அழைத்து, பாட்டியின் பெயர், பிள்ளைகளின் வரிசை, கடைசியாக எப்போது சந்தித்தீர்கள் என்று கேட்கலாம். அறியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பு என்று அவர் எடுக்காமல் விட்டுவிடக் கூடாது. வேலைக்கு விடுப்பு எடுத்து, தொலைபேசியைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நிரூபிக்கும் பொறுப்பு கோருபவருடையது. தோற்றால் அன்றே அமெரிக்கப் பக்கம் ஒப்படைக்கப்படலாம். மேல்முறையீடு கிடையாது, பெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வுக்கு அனுமதி கேட்க 15 நாட்களே. விடுபட்ட சான்றிதழோடு பிறகு வந்தாலும், முன்பே தகுதியற்றதாக்கப்பட்ட கோரிக்கை என்ற காரணமே அகதிச் சபையின் வாசலை அடைத்துவிடும். எனவே ஒரு கடதாசி குறைந்தாலும் பாலத்தில் ஏறாதீர்கள்.

அமெரிக்காவில் ஏற்கெனவே தஞ்சம் கோரியவருக்கு இன்னொரு தடை உண்டு. 2019-இல் வந்த திருத்தத்தால், உறவு நிரூபணமானாலும் கோப்பு அகதிச் சபைக்குப் போகாது. நாடு கடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீடுதான், நேரடி விசாரணையோடு, கிடைக்கும்.

2023 மார்ச் 25 வரை ஒப்பந்தம் அதிகாரபூர்வ எல்லைச் சாவடிகளுக்கு மட்டுமே பொருந்தியதால், சாவடி இல்லாத கியூபெக்கின் ராக்ஸம் வீதி வழியாக ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இப்போது எல்லை முழுவதும், ஆறு ஏரி உட்பட, பொருந்தும்; இடைவழியில் கடந்து 14 நாட்களுக்குள் கோரினால் திருப்பி அனுப்புவார்கள். 14 நாள் ஒளிந்திருந்தால் சரியென்று முகவர் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அந்த இடைவெளியையும் அடைக்கும் மசோதா 2025 ஜூனில் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

திருப்பி அனுப்பப்படுவோருக்கு என்ன நடக்கும் என்பதை, இந்த ஒப்பந்தத்தை எதிர்த்த கனடா உச்ச நீதிமன்ற வழக்கே காட்டியது. 2017-இல் அனுப்பப்பட்ட எத்தியோப்பியப் பெண்ணை அமெரிக்காவில் ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள், முதல் வாரம் தனிமைச் சிறையில். ஆனாலும் 2023 ஜூன் 16 தீர்ப்பு, சட்டத்தில் மனிதாபிமான விலக்குகள் இருப்பதைக் காரணம் காட்டி, கனடா உரிமைச் சாசனத்தில் உயிர், சுதந்திரம் பற்றிய 7-ஆம் பிரிவு மீறப்படவில்லை என்றது. சமத்துவம் பற்றிய 15-ஆம் பிரிவுக் கேள்வியைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பியது. அந்த விலக்குகளை அதிகாரி தானாக எடுத்துத் தருவார் என்று எண்ணாதீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்ணோ கடும் நோயாளியோ என்றால், விலக்கைக் கோரும் சட்டத்தரணியின் கடிதத்தை மருத்துவ அறிக்கையோடு சேர்த்து, கோப்பின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.