கூரையில்லாத தொழுவம்

டிசம்பர் முதல் வாரம் வந்துவிட்டால், லண்டனில் என் சாப்பாட்டு மேசை முழுவதும் நத்தார் வாழ்த்து மடல்கள்தான். கைபேசியில் ஒரு படத்தைத் தட்டிவிட்டால் எல்லோருக்கும் போய்விடுமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போய்விடும்தான். ஆனால் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியில் எங்களுக்குக் கிறிஸ்தவ பாடம் எடுத்த சேர் பழக்கிய முறையை விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உறையில் பெயரை எழுத வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். பிறகு ஒரு வசனம், அதன் கீழே நம்முடைய சொந்த வரி ஒன்று. முத்திரை கடைசியில்தான். ஒரே வரியை இரண்டு பேருக்கு எழுதினால் மடலைத் திருப்பித் தந்துவிடுவார்.

1843இல் லண்டனில் ஹென்றி கோல் அச்சிடுவித்த முதல் நத்தார் மடலைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஜோன் ஹோர்ஸ்லி வரைந்த அந்தப் படத்தில் தொழுவமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கிறார்கள். "நல்ல படம்தான். ஆனால் யார் பிறந்ததற்காக இந்த விருந்து என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்" என்பார். எங்கள் கல்லூரியைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டுகூட நிறையாமல் 1815இல் அங்கேயே இறந்தவர். சொல்ல வேண்டியதை நாளைக்கென்று தள்ளிவைக்கக் கூடாது என்பதற்கு சேர் அவரைத்தான் காட்டுவார்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தது. விடிந்தபோது தென்னந்தோப்புகள் பாய் விரித்ததுபோல் கிடந்தன. ஓடு போன வீடுகள், கிடுகு பறந்த குடிசைகள், ஒவ்வொரு தெருவிலும் அழுகுரல். அந்த நத்தாருக்கு மடல் வாங்கக் கடையும் இல்லை, காசும் இல்லை. சேர் எங்கிருந்தோ பிரிஸ்டல் அட்டை கொண்டுவந்து, எட்டாக வெட்டி எங்களுக்குப் பகிர்ந்தார். நான் வரைந்த தொழுவத்துக்குக் கூரை போடவில்லை. யோசித்து விட்டதல்ல; அந்த மாதம் என் கண்ணில் பட்ட எந்த வீட்டிலும் கூரை இருக்கவில்லை. கீழே "பயப்படாதிருங்கள்" என்று லூக்காவின் வசனத்தை எழுதினேன்.

அதைக் கல்லடியில் இருந்த என் வகுப்புத் தோழன் வீட்டுக்குச் சைக்கிளில் கொண்டுபோனேன். சைவக் குடும்பம். இன்றும் நான் நத்தாருக்கு எழுதுவேன், அவன் பொங்கலுக்கு எழுதுவான். அவனுடைய அம்மா மடலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கூரையைக் காணவில்லையே மகன், பிள்ளை நனையாதா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே சேரிடம் போனேன். கேட்டதும் அவருடைய கண் கலங்கியது. "நம்மோடு சேர்ந்து நனையத்தான் அவர் வந்தார் என்று போய்ச் சொல்" என்றார். வேதபாடத்தில் எத்தனையோ படித்திருக்கிறேன். இயேசு யார் என்பது எனக்கு விளங்கியது அந்த ஒரு வரியில்தான்.

மறுநாள் பின்னேரம் மீண்டும் போனேன். அதற்குள் அம்மா காய்ந்த தென்னோலையில் விரலளவு கிழித்து, சோற்றுப் பருக்கையால் தொழுவத்தின் மேல் ஒட்டியிருந்தார். ஓலையின் நரம்புகூட நேராக இருந்தது. நான் சேர் சொன்னதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தார்ப்பாய் கட்டிய அந்த வீட்டில் ஒழுகாமல் இருந்த ஒரேயொரு மூலையில், மாமாங்கேஸ்வரர் படத்துக்குப் பக்கத்தில், மடலைச் சாய்த்து வைத்தார்.