எச்சில் கேட்கும் வேலை

ஒப்புதல் படிவத்தில் ‘உமிழ்நீர் மாதிரி’ என்று அச்சடித்திருந்தோம். வாசித்துக் காட்டினால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ‘கொஞ்சம் எச்சில் வேணும்ங்க ஐயா’ என்றால்தான் முகம் கோணும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்க வருபவர்களிடம் எச்சில் வாங்கிப் பத்திரப்படுத்துவது, ஓர் ஆய்வுத் திட்டத்தில் எனக்கு வாய்த்த வேலை. இரண்டு வருடம் செய்தேன்.

தொண்டையில் கட்டியோடு வந்த ஒரு பெரியவர், குப்பியைப் பார்த்ததும் சொன்னார்: “ஊர் பூரா எச்சில் துப்பாதேன்னு எழுதி வெச்சிருக்கீங்க. இங்க வந்தா குப்பியை நீட்டுறீங்களேம்மா!”

நாற்பது வருடம் வெற்றிலை புகையிலை போட்டவர். துப்புவதற்கு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் துப்பிய எச்சில் எங்களுக்கு ஆகாது. காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடாமல், வாய் கொப்பளித்துவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்து, ஊறுவதைத் தானாக வடிய விட வேண்டும். காறினால் சளி கலந்துவிடும். குப்பி ஐஸில் இருக்கும். அப்படியே ஓடிப்போய் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பேன்.

எதற்கு இவ்வளவு பாடு? ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் நோயாளிகள் கதிர்வீச்சைச் சொல்வார்கள். தொண்டைக் கட்டிக்கு வழக்கமாக 70 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). நாளைக்கு 2 கிரே வீதம் 35 தடவை, சனி ஞாயிறு விட்டு ஏழு வாரம். கட்டி கரைந்ததா என்று பெட் சிடி ஸ்கேன் எடுப்பது அதற்கும் 12 வாரம் கழித்து. அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால், புண்ணின் வீக்கமே கட்டி மாதிரித் தெரிந்து ஏமாற்றிவிடும். ஆக, சிகிச்சை ஒருவருக்குக் கேட்கவில்லை என்று தெரியவே நாலரை மாதம் ஆகிறது. இரண்டாவது வாரத்திலேயே எச்சிலில் ஏதாவது ஒரு புரதம் காட்டிக் கொடுத்துவிட்டால் எவ்வளவு நல்லது!

சிக்கல் என்னவென்றால், அந்தக் கதிர் போகும் வழியில்தான் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருக்கின்றன. காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் சுரப்பி, சராசரியாக 25, 26 கிரேக்கு மேல் வாங்கினால் தேறுவது கஷ்டம். அதை ஒதுக்கிக் கதிர் பாய்ச்சும் ஐஎம்ஆர்டி முறை வந்தபின் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. பிரிட்டனின் பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டு கழித்து மிதமான அல்லது அதைவிடக் கடுமையான வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், இதில் 38 சதவீதம். 2011-ல் வெளியான கணக்கு. அந்த 38 சதவீதத்தில் ஒருவரின் எதிரே குப்பியோடு உட்கார்ந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

முதல் நாள் ஐந்து நிமிடத்தில் 2 மில்லி கொடுத்த பெரியவர், நாலாவது வாரம் பதினைந்து நிமிடம் குனிந்திருந்தார். குப்பியின் அடி நனையவில்லை. வந்தது கொஞ்சமும் கோந்து மாதிரி நூல் நூலாக வந்தது. உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டில் ஏறாது. அவர் என்னைப் பார்த்து, ஏதோ கடன் பாக்கி வைத்தவர் மாதிரி, “நாளைக்குத் தரட்டுமாம்மா?” என்றார்.

அப்புறம், என் மானம் போன கதை. முதல் பதினோரு பேரின் மாதிரிகளைச் சோதித்தபோது இன்டர்லூகின்-8 என்ற புரதம் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனது. வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். திட்டத்தை நடத்திய சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தனை நிமிஷத்துல எத்தனை மில்லி?” நான் நேரமே குறிக்கவில்லை. ரசத்தில் தண்ணீர் வற்றினால் உப்புக் கரிக்கும். யாரும் உப்பு அள்ளிப் போட்டிருக்க வேண்டியதில்லை. சுரப்பு குறைந்ததால் அடர்த்தி கூடியதா, புரதமே கூடியதா என்று அந்த மாதிரிகளை வைத்து இனி சொல்ல முடியாது. பதினோரு பேரின் எச்சில், அவர்கள் பட்ட பாடு, எல்லாம் ஒரு கடிகாரத்தைப் பார்க்காததால் வீண்.

நேரம் குறித்த மாதிரிகளும் லேசில் பிடி கொடுக்கவில்லை. கதிர்வீச்சால் வாய் வெந்து புண்ணானாலும் இன்டர்லூகின்-8 ஏறும். பல் ஈறு வீங்கியிருந்தாலும் ஏறும். எச்சில் பொய் சொல்வதில்லைதான். ஆனால் நாம் கேட்பது கட்டியைப் பற்றி, அது சொல்வதோ வாய் படும் அவதியைப் பற்றி. கட்டிக்கென்றே உரிய அடையாளம் ஒன்று வேண்டும். எச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்றில் அது இருக்கிறது. வாய் கொப்பளித்த நீரில் அந்த வைரஸின் டிஎன்ஏ சிகிச்சைக்குப் பிறகும் மறையாமல் இருந்தால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம் என்று 2015-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் புகையிலை. தேடிப் பிடிக்க அங்கே வைரஸ் இல்லை.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துப் பெரியவர் வந்தார். கழுத்துத் தோல் கறுத்திருந்தது, கையில் தண்ணீர் பாட்டில். இப்போதெல்லாம் தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்குவதில்லையாம். நான் கேட்பதற்கு முன்பே குப்பியை வாங்கிக்கொண்டு நாற்காலியில் குனிந்தார். பிறகு தலையை மட்டும் தூக்கி, “நேரம் போட்டுக்கிட்டியாம்மா?” என்றார்.

போட்டுக்கொண்டேன். 10 நிமிடம், 0.4 மில்லி. மத்தியானம் அவருக்கு பெட் சிடி.