முதல் பிடி: நெல்லைச் சீமை கோயில்கள்ல ஒரு கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் சமயத்துல ஒரு புனிதப் பயணம் போகணும்னா எல்லாரும் வேளாங்கண்ணிய சொல்லுவாங்க, வசதி இருக்கிறவங்க பெத்லகேம் எருசலேம்னு போய்ட்டு வருவாங்க, எனக்கு ரொம்ப வருஷமா இருந்த ஆசை வேற. எங்க வீட்டுக்காரரோட சொந்த ஊர்ப்பக்கம் இருக்கிற பழைய கிறிஸ்தவக் கோயில்களுக்கு பண்டிகை நேரத்துலயே போகணும், போட்டோ எடுத்துட்டு ஓடி வராம ஒவ்வொண்ணுலயும் கொஞ்ச நேரம் உக்காந்து ஜெபம் பண்ணணும், அவ்வளவுதான். இந்த வருஷம் அதுக்கு ஒரு காரணமும் இருந்துச்சு. ஜூன் மாசம் இவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வெச்சாங்க, ஆண்டவர் கிருபையால நல்லா எழுந்து நடக்குறார், அதனால அத்தை (இவரோட அம்மா) போன்லயே சொல்லிட்டாங்க, இந்த கிறிஸ்துமஸுக்கு பிள்ளைங்களையும் கூட்டிட்டு நாலு பேரும் ஊருக்கு வந்துரணும், ஸ்தோத்திரக் காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கை, நம்ம கோயில்லதான் படைக்கணும்னு.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினதும் முதல்ல பாளையங்கோட்டை. ஊசிக்கோபுரம்னு எல்லாரும் சொல்ற தூய திரித்துவ பேராலயம், ரேனியஸ் ஐயர் (எங்க பக்கம் சபை போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம்) காலத்துல 1826ல கட்டினது, அங்க ஸ்டார் லைட்டு, குடில்னு வேலை மும்முரமா நடந்துட்டு இருந்துச்சு, சும்மா வாசல்ல நின்னு ஜெபம் பண்ணிட்டு நடந்தோம். எனக்கு உண்மையில பார்க்கணும்னு இருந்தது அந்த சின்ன கோயிலைத்தான், கிளாரிந்தா ஆலயம். நம்ம ஆளுங்கள்லயே நிறைய பேருக்கு இந்த அம்மா கதை தெரியாது, அதனால கொஞ்சம் சொல்றேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டி பிராமணக் குடும்பத்துப் பெண், புருஷன் செத்ததும் உடன்கட்டை ஏத்தப் பார்த்தாங்க, ஒரு இங்கிலீஷ் ராணுவ அதிகாரி காப்பாத்தி கூட்டிட்டு வந்தார், அவர்கிட்ட இருந்துதான் சுவிசேஷம் கேட்டாங்க. அவரும் இறந்த பிறகு 1778ல சுவார்ட்ஸ் ஐயர்ங்கிற ஜெர்மன் மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ல எழுதின சபைப் பதிவேட்டுல மொத்தமே 40 பேர், முதல் பேர் இவங்களோடது. 1785ல இவங்க கட்டின கோயிலை சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை பண்ணினார். சொந்த ஜாதி தள்ளி வெச்சிருச்சு, வெள்ளைக்காரங்க பக்கமும் முழுசா சேர்த்துக்கல, ரெண்டு தடவை துணையை இழந்த ஒரு பொம்பளை, தன்கிட்ட இருந்ததை வெச்சு ஊருக்கு ஒரு ஜெபவீடு கட்டிக் கொடுத்திருக்காங்க. நெல்லைத் திருச்சபைங்கிற அவ்வளவு பெரிய மரத்துக்கு விதை அந்த அம்மாதான்.

அங்க பெஞ்சுல உக்காந்ததும் எனக்கு பைபிள்ல வர்ற சாரிபாத் விதவை ஞாபகம்தான் வந்துச்சு. பானையில ஒரு பிடி மாவு, கலயத்துல கொஞ்சம் எண்ணெய், அதை சுட்டு சாப்பிட்டுட்டு மகனோட சாகலாம்னு விறகு பொறுக்கிட்டு இருந்தவகிட்ட எலியா தீர்க்கதரிசி வந்து முதல்ல எனக்கு ஒரு சின்ன அடை பண்ணிக் கொண்டா, அப்புறம் உனக்கும் உன் மகனுக்கும் பண்ணிக்கோங்கிறார். சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல இதைக் கேக்கும்போது தீர்க்கதரிசி மேல கோவமா வரும் எனக்கு, பசியில இருக்கிற பிள்ளைக்கு முன்னாடி இவருக்கு என்னன்னு. அந்த "முதல்ல"ங்கிறதுக்கு பதில் சாயங்காலம் அத்தை வீட்டு அடுப்படியில கிடைச்சுது.

அத்தை வீடு மெஞ்ஞானபுரம் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். சுத்திலும் பனை, கொஞ்சம் தள்ளிப் போனா செக்கச்செவேல்னு தேரி மணல், உடன்குடி கருப்பட்டி வாசனை எப்பவும் இருக்கிற வீடு. அத்தை சமைக்க அரிசி அளந்ததும் களையறதுக்கு முன்னாடி அதுல இருந்து ஒரு பிடி எடுத்து மூலையில இருக்கிற பழைய பிஸ்கட் டின்ல போட்டாங்க. பிடி அரிசி. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து நான் பார்க்கிறதுதான், ஞாயித்துக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும், ஊழியத்துக்கும் இல்லாதவங்களுக்கும். என் சின்ன மக கேட்டா, "ஆச்சி, சாப்பிட்டு மிச்சம் இருந்தா குடுக்கலாம்ல, எதுக்கு முதல்லயே எடுக்கீங்க?" அத்தை திரும்பிக்கூட பார்க்கல, அரிசி களைஞ்சுகிட்டே, "மிச்சம் ஆட்டுக்கு மக்களே, ஆண்டவருக்கு மிச்சத்தையா குடுப்பாவ? பொங்கின பொறவு கணக்கு பாத்தா யார் வீட்லயும் மிஞ்சாது"ன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு உண்மை. சென்னையில மாசக் கடைசியில மிச்சம் இருந்தா யாருக்காவது உதவி பண்ணலாம்னு நாங்க நினைச்ச மாசங்கள்ல ஒரு மாசம்கூட மிஞ்சினது கிடையாது, இஎம்ஐ, ஸ்கூல் பீஸ், ஸ்விக்கின்னு எல்லாம் போயிரும். அத்தைக்கு வர்றது முதியோர் பென்ஷனும் கொஞ்சம் பனங்காட்டுக் குத்தகையும்தான், ஆனா அந்த டின் ஒரு நாளும் காலியா இருந்து நான் பார்த்ததில்ல.

பலகாரத்துக்கும் அந்த வீட்ல அதே சட்டம்தான். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாம் சுடும்போது பிள்ளைங்க அடுப்பச் சுத்தி நிக்கும், ஆனா முதல் ஈடு நேரா தூக்குச்சட்டிக்குப் போகும், பக்கத்து வீட்டு சுடலையாண்டி கோயில் பூசாரி குடும்பத்துக்கு, தெருக்கோடி பாய் வீட்டுக்கு, பனையேறுற அண்ணன் வீட்டுக்கு. அதைக் கொண்டுபோய் குடுத்துட்டு வர்ற வேலையும் பிள்ளைங்களோடதுதான், குடுத்துட்டு வந்த கைக்குத்தான் அடுத்த ஈடுல பங்கு. புதுத்துணியும் அப்படித்தான், வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு சேலை எடுத்த பிறகுதான் எங்களுக்கு. பிள்ளைங்க முதல்ல முகம் சுளிச்சதுங்க, அப்புறம் யார் தூக்குச்சட்டி தூக்குறதுன்னு ரெண்டுக்கும் சண்டை. என்னத்த பெருசா சொல்லிக்குடுத்துட்டோம் நாங்க, எல்லாம் ஆச்சி கையால நடந்துச்சு.

பண்டிகை அன்னைக்கு விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே மெஞ்ஞானபுரம் தூய பவுலின் ஆலயம். அந்த இருட்டுல, பனிக்காத்துல, பனங்காட்டு நடுவுல 192 அடிக் கோபுரம் விளக்கு வெளிச்சத்துல நிக்கிறதைப் பார்க்க நெஞ்சு அடைச்சிரும். ஜான் தாமஸ் ஐயர், வேல்ஸ் தேசத்துக்காரர், 1830களோட கடைசியில இங்க வரும்போது வெறும் மணல் காடு, நெடுவிளைன்னு பேரு. கிணறு வெட்டி மரம் வெச்சு ஊராக்கி, 1847ல கோயிலைப் பிரதிஷ்டை பண்ணி, கோபுரம் முடிஞ்சது 1868ல, 1870ல அவரும் போய்ச் சேர்ந்துட்டார், அடக்கம் பண்ணினதும் இந்த மண்ணுலதான். சொந்த ஊருக்கு ஓய்வெடுக்கப் போயிருக்கலாம்ல.

ஆராதனையில எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கிறது. பட்டணத்து சபைகள்ல இதை இப்ப நேரமாகுதுன்னு விட்டுட்டாங்க, எனக்கு அது வருத்தம்தான். பரீட்சையில பாஸ் ஆனதுக்காக 50 ரூபாய், மாடு நல்லபடியா கன்னு போட்டதுக்காக 20 ரூபாய், பேர் சொல்ல விரும்பாத ஒருவர் 500 ரூபாய், இப்படி ஐயர் ஒவ்வொண்ணா வாசிக்கும்போது ஒரு ஊரோட ஒரு வருஷ சந்தோஷம் துக்கம் முழுக்க காதுல விழும், யார் வீட்ல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லுவாங்க. "மகனுக்கு இருதயத்தில் சுகம் கொடுத்ததற்காக தாயார்"னு எங்க கவரை வாசிச்சப்போ இவர் தலை குனிஞ்சவர் நிமிரவே இல்ல, பக்கத்துல உக்காந்திருந்த எங்க பெரியவன் அப்பா கையப் பிடிச்சுக்கிட்டான். ஆஸ்பத்திரி வராண்டாவுல ராத்திரி முழுக்க அழுத நாளுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் நாங்க நாலு பேரும் ஒண்ணா அழுதோம்.

ஆராதனை முடிஞ்சதும் வெளிய காணிக்கைப் பொருள் ஏலம். முதல் குலை தள்ளின வாழைத்தார், புதுசா காய்ச்ச தென்னையோட முதல் தேங்காய், ஒரு கோழி முட்டை, முருங்கைக்காய்க் கட்டு. கடையில 7 ரூபாய்க்கு கிடைக்கிற முட்டை அங்க 300க்குப் போச்சு, எடுத்தவர் அதை திரும்ப கோயிலுக்கே குடுத்துட்டார், மறுபடி ஏலம், இந்த தடவை 250. சிரிச்சுகிட்டே, கேலி பேசிக்கிட்டே குடுக்குறாங்க, யார் மூஞ்சியிலயும் தியாகம் பண்ற களை இல்ல. என் மக காதுல வந்து, "அம்மா இதுவும் முதல் பிடிதானே"ன்னா.

மறுநாள் இடையன்குடிக்குக் கிளம்பினோம். வழியில வெள்ளாளன்விளைக்கும் போனோம், வி.எஸ். அசரியா 1874ல பிறந்த ஊர். இந்தியர்கள்ல முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர் (1912ல, தெலுங்கு நாட்டுல இருக்கிற தோர்ணக்கல்லுக்கு), அதுக்கு முன்னாடியே 1903ல நெல்லை ஆளுங்க காசுலயே, நெல்லை ஆளுங்களை வெச்சே மிஷனரி சங்கம் ஆரம்பிக்க முன்னாடி நின்னவர். வெளிநாட்டுக் காசுல சுவிசேஷம் கேட்ட ஜனங்க அடுத்த மொழிக்காரங்களுக்கு தங்க காசுல ஊழியர் அனுப்பினாங்க, தெலுங்கு நாட்டுக்கு. அப்ப இந்த ஊர்கள்ல பஞ்சம் பாத்த ஜனங்கதான் அதிகம், அவங்க மிஞ்சட்டும்னு காத்திருக்கல.

இடையன்குடி போய்ச் சேர மதியம் ஆயிருச்சு. திசையன்விளைக்குப் பக்கம், அமைதியான ஊரு. கால்டுவெல்லை நமக்கெல்லாம் திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதினவர்னுதான் தெரியும், 1856ல வந்த புத்தகம். அந்த ஊருக்கு அவர் ஐயர், அவ்வளவுதான், 1841ல வந்து அம்பது வருஷம் ஊழியம் பண்ணினவர். தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847ல அஸ்திபாரம் போட்டு 1880ல பிரதிஷ்டை, 33 வருஷம். காசு வரும்போது கொஞ்சம், நின்னுபோகும், மறுபடி கொஞ்சம். அஸ்திபாரத்துக்கு கல்லு சுமந்தவங்கள்ல எத்தனை பேர் கூரையப் பார்த்திருப்பாங்கன்னு இவர் ஜன்னல் கல்வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்துக்கிட்டே கேட்டார். அவர் மனைவி எலைசா, நாகர்கோவில் மால்ட் ஐயரோட மக, நல்லா தமிழ் பேசுவாங்களாம், ஊர்ப் பெண்பிள்ளைங்களுக்குப் படிப்பும் லேஸ் பின்னுற வேலையும் சொல்லிக்குடுத்தது அவங்கதான். கால்டுவெல் 1891ல கொடைக்கானல்ல இறந்தார், உடம்பை மலையில இருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து இந்த பீடத்துக்குக் கீழதான் அடக்கம் பண்ணியிருக்காங்க. அங்க முழங்கால் போட்டப்போ கேக்கிறதுக்கு எனக்கு ஒண்ணும் தோணல, நன்றி மட்டும்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரியில கிடைச்ச அந்தப் படுக்கைக்கு, அந்த டாக்டருக்கு, ராத்திரி ரத்தம் குடுக்க வந்து நின்ன பேர் தெரியாத தம்பிக்கு, அத்தைக்கு.

காருக்குத் திரும்பும்போது இவரா பேச்சை எடுத்தார். இனிமே சம்பளம் வந்த அன்னைக்கே ஒரு பங்கை தனியா எடுத்து வெச்சிரலாம், ஆஸ்பத்திரிக்கு காசில்லாம நிக்கிற ஒரு குடும்பத்துக்குன்னு. எவ்வளவுன்னு பெரியவன் கேட்டான், அவனும் தன் பாக்கெட் மணியில ஒரு பங்கு சொன்னான், சின்னவ அதுக்குன்னு ஒரு டின் வேணும்னு ஆச்சிகிட்ட போன் போட்டுட்டா.

போக நினைக்கிறவங்களுக்கு: பாளையங்கோட்டை கோயில்கள் ரெண்டும் பக்கம் பக்கம்தான், காலையிலயே பார்த்துரலாம். மெஞ்ஞானபுரத்துக்கு நாசரேத் வழியா போகலாம், திருச்செந்தூர் ரயில் நாசரேத்துல நிக்கும். இடையன்குடிக்கு திசையன்விளையில இருந்து போறது சுலபம், கால்டுவெல் வாழ்ந்த வீட்டையும் நினைவில்லமா வெச்சிருக்காங்க, விட்டுராதீங்க. பண்டிகை ஆராதனைக்குப் போறதா இருந்தா முந்தின நாளே நேரத்தை விசாரிச்சுக்கோங்க, ஊர் ஊருக்கு மாறும், லேட்டா போனா வெளிய பந்தல்லதான் இடம். நாசரேத் கோயிலும் சாயர்புரமும் எங்களுக்கு இந்த தடவை முடியல, அத்தை இப்பவே அடுத்த டிசம்பருக்கு நாள் குறிச்சு வெச்சிருக்காங்க.