“மூச்சு வாங்குதா?” என்று கேட்டால் அம்மா இல்லை என்பாள்

அம்மாவுக்கு 67 வயது. 30 வருடத்துக்கும் மேல் விறகடுப்பில் சமைத்தவள். பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. அதனால் டாக்டர் ‘சி.ஓ.பி.டி.’, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்று சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. விறகு, வரட்டிப் புகையை வருடக்கணக்கில் இழுத்தாலும் இந்த நோய் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பே எங்கள் பக்கத்து கிளினிக்கில் காட்டியிருந்தோம். “மூச்சு வாங்குதா?” என்று கேட்டார்கள். “அதெல்லாம் இல்லீங்க, இருமல்தான்” என்றாள் அம்மா. இருமல் மருந்தோடு திரும்பி வந்தோம். ஒரு வருடம் வீணாகப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த முறை நெஞ்சு நோய் மருத்துவரிடம் போனோம். முதலில் ஊதுகிற டெஸ்ட், அதாவது ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கொடுத்து, “ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று அந்தப் பெண் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 6 நொடியாவது ஊத வேண்டும். அம்மா இரண்டு முறை பாதியிலேயே இருமிவிட்டாள். அப்புறம் இன்ஹேலர் மருந்து கொடுத்து, 15 நிமிடம் உட்காரவைத்து, திரும்பவும் ஊதச் சொன்னார்கள். மருந்துக்குப் பிறகும், மொத்தமாக ஊதிய காற்றில் முதல் நொடியில் வெளிவந்த பங்கு 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று கணக்கு. அம்மாவுக்கு 0.58.

“இது மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு சொல்லும். அம்மா எவ்வளவு கஷ்டப்படுறாங்கன்னு சொல்லாது” என்றார் டாக்டர். ஒரே அளவு அடைப்போடு ஒருவர் வயலுக்குப் போய் வருவாராம். இன்னொருவருக்குக் குளிக்கவே முடியாதாம். கஷ்டத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

காத்திருந்தபோதே நர்ஸ் ஒரு தாள் கொடுத்திருந்தார். கேட் (CAT) வினாத்தாள் என்று பெயர். இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், மாடிப்படி, வீட்டு வேலை, வெளியே போகும் தைரியம், தூக்கம், உடம்பில் தெம்பு என்று 8 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 40. நான் பேனாவை வாங்கப் போனேன். “நீங்க போடாதீங்க, அம்மாதான் போடணும்” என்று நர்ஸ் தடுத்துவிட்டார். அம்மா கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 1 போட்டாள். கூட்டினால் 9. 10-ஐத் தொட்டால்தான் தொந்தரவு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்களாம்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மூச்சைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. “கடைசியா மொட்டை மாடிக்கு எப்பம்மா போனீங்க?” என்றார்.

அம்மா யோசித்தாள். எனக்குச் சட்டென்று வடகம் ஞாபகம் வந்தது. இரண்டு கோடையாக வீட்டில் வடகம் போடவில்லை. “யாருடி திங்கிறா இப்ப?” என்று சொன்னாள், நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம்.

“கோயிலுக்கு யார்கூடப் போவீங்க?”

“தெருவுல நாலு பேரோடதாங்க. அவங்க முன்னாடி போயிடுவாங்க, நான் மெதுவா வருவேன்.”

மூச்சுத் திணறலுக்கு 0 முதல் 4 வரை ஒரு அளவுகோல் உண்டு. வேகமாக நடந்தால், மேடேறினால் மட்டும் வாங்குவது 1. சமதளத்திலேயே சம வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குவது 2. நூறு மீட்டரில் நின்றுவிடுவது 3. உடை மாற்றவே வாங்குவது 4. நானும் அம்மாவும் 1 என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கோயில் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியத்தில் அது 2 ஆனது.

அவள் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். அதனால் மூச்சு வாங்கவில்லை. அறையைவிட்டு வரும் முன் அவளே கையை நீட்டினாள்: “அந்தப் பேப்பரைக் குடும்மா, சரியாப் போடுறேன்.” இந்த முறை 19.

அதன்பின் 30 மீட்டர் வராந்தாவில் 6 நிமிட நடை. 240 மீட்டர் நடந்தாள். ரத்தத்தில் ஆக்சிஜன் 96 சதவீதத்திலிருந்து 90-க்கு இறங்கியது. கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்றும் கேட்டார்கள். ஒருமுறையும் இல்லை. இதையெல்லாம் வைத்துத்தான் இரண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலரும் மூச்சுப் பயிற்சியும் எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு நான் பார்க்கத் தொடங்கினேன். புடவை கட்டும்போது கட்டிலில் உட்கார்ந்து, கொசுவத்தை மடியில் வைத்து மடிக்கிறாள். நான்கு மடிப்புக்கு ஒருமுறை கை நிற்கிறது. உதட்டைக் குவித்து ஊதுகிறாள். எத்தனை வருடமாக இப்படியோ. நான் அந்த அறைக்குள் ஆயிரம் முறை போய் வந்திருப்பேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். போன வருடம் செய்து இப்போது செய்யாதது என்ன என்று கேளுங்கள். பதிலை நாள்காட்டியில் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த வினாத்தாளில் அம்மாவின் மதிப்பெண் 15. 2 குறைந்தாலே அது உண்மையான முன்னேற்றமாம். தூக்கத்துக்கு மட்டும் இன்னமும் 1 போடுகிறாள். நான் திருத்துவதில்லை. மூன்று தலையணை, விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்காருவது என்று என் நோட்டில் எழுதி, தாளோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.