பி2 தளத்தில் ஒரு தூண்: டவுன்டவுன் காண்டோவை விற்ற கதை

11 வருடம் குடியிருந்த காண்டோவை, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்களுக்குச் சொந்தமான வீட்டை, விற்பது என்று முடிவானதும் நான் முதலில் செய்த காரியம், சாயங்கால வெளிச்சத்தில் பால்கனியில் நின்று இருபது முப்பது போட்டோ எடுத்ததுதான். நகரத்தின் நடுவில், ஒன்பதாவது மாடி, எதிரே எந்தக் கட்டடமும் மறைக்காது. விளம்பரத்தையும் நானே எழுதினேன்: கண்ணைக் கவரும் காட்சி, நவீன சமையலறை, எல்லா வசதிகளும் நடந்து போகும் தூரத்தில், கார் பார்க்கிங் உண்டு. கடைசியில் இருக்கும் அந்த மூன்று சொல்தான் எங்களை நான்கு மாதம் அலைய விட்டது.

வந்தவர்கள் பால்கனியில் அரை நிமிடம் நின்றார்கள், "நல்லா இருக்கு" என்றார்கள், அப்புறம் நேராகக் கேட்டார்கள்: கார் எங்கே நிறுத்துவது? லிஃப்டில் பி2-வுக்கு, அதாவது இரண்டாவது பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போவேன். எங்கள் இடத்தின் இடது ஓரத்தில் ஒரு தூண் நிற்கிறது. அதைப் பார்த்ததும் முகம் மாறும். ஒருவர் அங்கேயே நின்று தன் காரை மனதுக்குள் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தது போலக் கையை ஆட்டினார், பிறகு "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவர் போனவர்தான். மூன்று வாரத்தில் 14 பேர் வந்தார்கள். விலை பேசக்கூட யாரும் உட்காரவில்லை.

நான்காவது வாரம் ஒரு பெண்மணி வந்தார். தூணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இந்த இடம் உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இருக்காமலா என்றேன். வீட்டுக்கு வந்து பத்திரத்தை எடுத்துப் படித்தேன். இல்லை.

இது எனக்கு 11 வருடம் தெரியாமலே இருந்திருக்கிறது. காண்டோவில் பார்க்கிங் உங்கள் கையில் இருப்பதற்குப் பல வழிகள் உண்டு. சில கட்டடங்களில் பார்க்கிங் இடமே தனி யூனிட், அதற்குத் தனி உரிமைப் பத்திரம் இருக்கும், சில சமயம் வீட்டை விட்டுப் பிரித்துக்கூட விற்கலாம். சிலவற்றில் அது எல்லோருக்கும் பொதுவான சொத்து, ஆனால் பயன்படுத்தும் உரிமை மட்டும் குறிப்பிட்ட வீட்டோடு ஒட்டியிருக்கும், வீடு கை மாறினால் அதுவும் கூடவே போகும். இன்னும் சிலவற்றில் அசோசியேஷன் ஒதுக்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். நாளைக்கு மாற்றி ஒதுக்கினால் கேள்வி கேட்க முடியாது. இந்த மூன்றும் விளம்பரத்தில் "பார்க்கிங் உண்டு" என்று ஒரே மாதிரிதான் தெரியும். வாங்குபவருக்கோ மூன்றும் மூன்று வேறு வீடு.

எங்களுடையது இரண்டாவது வகை. நிம்மதியாக மூச்சு விட்டேன், ஆனால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டுமே. அசோசியேஷனுக்கு எழுதிக் கேட்டேன். பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தார்கள். அதில் எங்கள் வீட்டுக்கு உரிய இடம் 41 என்று இருந்தது. நான் தினமும் கார் நிறுத்தும் தரையில் 47 என்று எழுதியிருக்கிறது! பல வருடம் முன்பு தரைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தபோது எண்களை வேறு பக்கத்திலிருந்து போட்டிருக்கிறார்கள். யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் அவரவர் பழகிய இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தோம். இடம் ஒன்றுதான், எண் மட்டும் மாறிவிட்டது என்று ஒரு கடிதம் வாங்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. கமிட்டி கூடவேண்டும், கூடினால் ஆள் போதாது, ஆள் வந்தால் வரைபடம் வைத்திருப்பவர் ஊரில் இல்லை. அந்தப் பெண்மணி அதற்குள் வேறு வீடு பார்த்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. விற்கும் எண்ணம் வந்த அன்றே இந்தக் கடிதத்தை வாங்கி வைத்திருக்க வேண்டியது நான்தான்.

அந்த ஐந்து வாரத்தில் சும்மா இருக்க முடியாமல் டேப் எடுத்துக்கொண்டு கீழே போனேன். நீளம் 5 மீட்டர், அகலம் 2.5 மீட்டர், அதில் தூண் 20 சென்டிமீட்டரை விழுங்குகிறது. ஒரு பெரிய எஸ்யூவி கண்ணாடியை விட்டுவிட்டே ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம் இருக்கும். ஒருவர் ஒழுங்காகக் கதவைத் திறந்து இறங்க அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். கணக்குப் போட்டால், பெரிய வண்டிக்காரர் தினமும் வயிற்றை எக்கித்தான் இறங்க வேண்டும், சின்ன கார் வைத்திருப்பவருக்குத் தொல்லையே இல்லை. உயரத்தையும் பார்த்தேன். நுழைவில் 2.1 மீட்டர் என்று போர்டு இருக்கிறது, ஆனால் உள்ளே ஒரு வளைவில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் தாழ்ந்து வருகிறது, அங்கே 1.98தான். காரின் மேல் சைக்கிள் கட்டிக்கொண்டு வருபவருக்கு இது தெரிந்தாக வேண்டும். மின்சார காருக்குச் சார்ஜர் போடலாமா என்று நிறையப் பேர் கேட்டதால் அதையும் விசாரித்தேன்: சொந்த மீட்டரிலிருந்து ஒயர் இழுக்கலாம், அனுமதி வேண்டும், தூரத்துக்கு ஏற்ப செலவு. தூணில்தான் பெட்டியை மாட்டவேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோது அந்தத் தூணால் முதல் தடவையாக ஒரு உபகாரம் தெரிந்தது.

அப்புறம் அந்த "நடந்து போகும் தூரம்". இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இருக்கவில்லை, எல்லோரும் எழுதுவதுதானே. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதில் விதியே உண்டு: 80 மீட்டர் நடைக்கு 1 நிமிடம் என்று கணக்கு, மிச்சம் இருந்தால் அடுத்த நிமிடமாக்கிப் போட வேண்டும். சிக்னலில் நிற்கும் நேரம் மட்டும் அதில் சேராது. சரி, நாமும் அளந்து பார்ப்போம் என்று ஒரு வாரம் கடிகாரத்தோடு நடந்தேன். மேப் ரயில் நிலையத்துக்கு 6 நிமிடம் என்றது. காலை 8.40-க்கு எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பிளாட்பாரத்தில் கால் வைக்கும் வரை 13 நிமிடம். மேப்புக்கு லிஃப்டும் தெரியாது, அந்த நேரத்தில் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வருவதும் தெரியாது, பெரிய சாலையைக் கடக்க நிற்பதும் தெரியாது. மருந்துக்கடை 4 நிமிடம், அதே கட்டட வரிசை. மளிகை வாங்கப் போகும்போது 7, இரண்டு கை நிறையப் பையோடு திரும்பும்போது 10. ஆரம்பப் பள்ளி நடக்கும் தூரம்தான், ஆனால் நடுவில் ஒரு மேம்பாலத்தின் அடியில் நடைபாதையே இல்லை. சின்னக் குழந்தையோடு நான் போகமாட்டேன். சனிக்கிழமை இரவு ஒரு மணி வரை கீழே சத்தம் இருக்கும், ஜன்னலை மூடினால் படுக்கையறையில் கேட்காது, ஹாலில் கேட்கும். விருந்தாளி வந்தால் நிறுத்த மொத்தக் கட்டடத்துக்கும் எட்டு இடம், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இதையெல்லாம் அப்படியே எழுதி விளம்பரத்தை மாற்றினேன். தூணோடு ஒரு போட்டோ, எங்கள் காரை உள்ளே நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து. புரோக்கருக்குக் கோபம். "குறையை யாராவது போட்டோ எடுத்துப் போடுவாங்களா சார்?" என்றார். எப்படியும் கீழே கூட்டிப்போனால் தெரியத்தானே போகிறது, பெரிய வண்டி வைத்திருப்பவரை ஒரு சனிக்கிழமை மெனக்கெட்டு வரவழைத்து முகம் சுளிக்க வைப்பதில் எனக்கு என்ன லாபம் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. என் மனைவிக்கும் பாதிச் சந்தேகம்தான். சனிக்கிழமைச் சத்தத்தை மட்டுமாவது எடுத்துவிடலாமே என்றாள், இரண்டு நாள் எடுத்தேன், மறுபடி போட்டேன்.

வருபவர்கள் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. அடுத்த ஐந்து வாரத்தில் ஆறே பேர். ஆனால் அந்த ஆறு பேரும் தங்கள் காரின் அகலத்தைத் தெரிந்துகொண்டு வந்தார்கள். பேச்சு வேறு இடத்துக்குப் போனது: மாதப் பராமரிப்புக் கட்டணம் பார்க்கிங்கையும் சேர்த்தா, லிஃப்ட் மாற்றும் வேலை ஏதும் வருமா, அதற்கு இருப்பு நிதியில் பணம் இருக்கிறதா, இல்லாவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் தனியாக வசூல் செய்வார்களா. இவை வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள். அசோசியேஷனின் கடைசி மூன்று வருடக் கணக்கை நகல் எடுத்து மேசையில் வைத்திருந்தேன்.

வாங்கியது ஒரு நடுத்தர வயதுத் தம்பதி, சின்ன கார். அவர் கீழே வந்து தூணைச் சுற்றி ஒரு நடை நடந்தார், கையால் தட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் யாரும் வந்து நிறுத்த முடியாதில்ல?" முடியாது. "அப்ப ஒரு பக்கக் கதவு இடி படாது" என்றார் மனைவியிடம். அவர்கள் இப்போது இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் அடுத்தவர் கார் கதவு பட்டுப் பட்டுப் பெயின்ட் போய்விட்டதாம். நான்கு மாதம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த தூண்! விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள்தான், அதற்குக் காரணம் சொன்னது சமையலறை. நான் நவீனம் என்று எழுதியிருந்த அதே சமையலறை.

பத்திரப் பதிவு முடிந்த அன்று சாவி, கேட் ரிமோட் இரண்டு, 41-தான் 47 என்ற கடிதம், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தோம். ஒரு ரிமோட்டில் பேட்டரி இல்லை, அதையும் சொல்லித்தான் கொடுத்தேன். அசோசியேஷனின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. போன வாரம்கூட வந்தது: வியாழக்கிழமை பி2 கழுவுகிறார்கள், காலை ஒன்பதுக்குள் வண்டிகளை எடுத்துவிடவும்.