ஒன்பதாவது வரியில் பூஜ்ஜியம்

2025 பிப்ரவரி 11

நான் அமெரிக்கக் குடிமகன், வேலை சென்னையில். மனைவியின் குடியேற்ற விசாவுக்கு, என்விசி என்ற அமெரிக்க தேசிய விசா மையத்திலிருந்து கேஸ் நம்பர் வந்துவிட்டது. முதலில் பணம்: ஐ-864க்கு (மனைவியை நான் தாங்குவேன் என்று ஸ்பான்சராகத் தரும் உறுதிமொழிப் படிவம்) 120 டாலர், விசாவுக்கு 325 டாலர். இரண்டையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். இந்திய கார்டு செல்லாது, அமெரிக்க வங்கிக் கணக்கின் ரவுட்டிங் நம்பர் கேட்கிறது. பழைய செக்கிங் கணக்கை மூடாமல் வைத்திருந்தது இன்று கைகொடுத்தது.

பிப்ரவரி 13

ஐ-864ல் கடைசி ஆண்டின் வரித் தாக்கல் கட்டாயம். மூன்று ஆண்டு வைப்பது அவரவர் விருப்பம். "வெளிநாட்டில் இருந்தேன், அதனால் தாக்கல் செய்யவில்லை" என்ற சாக்கு நடக்காது. படிவத்தின் குறிப்பிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குடிமகன் சென்னையில் சம்பாதித்து, சென்னையில் வரி கட்டி, சென்னையிலேயே செலவழித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். தாக்கல் செய்யாதவர் முதலில் தாக்கல் செய்துவிட்டு, அந்த நகலோடு வரவேண்டும்.

கல்யாணம் ஆகித் தனித்தனியாகத் தாக்கல் செய்பவருக்கு எவ்வளவு வருமானம் வந்தால் தாக்கல் கட்டாயம் என்று பார்த்தேன். ஐந்து டாலர்.

பிப்ரவரி 14

ஐந்து டாலர்!

பிப்ரவரி 19

தாக்கல் செய்யாமல் விட்டவருக்கான ஸ்ட்ரீம்லைன்ட் திட்டத்தில் மூன்று ஆண்டு ரிட்டர்ன்: 2021, 2022, 2023. மூன்றுக்கும் ஃபார்ம் 16 இருக்கிறது, ஆனால் அது ஏப்ரல் டு மார்ச். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு ஜனவரி டு டிசம்பர். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சை ஒரு ஃபார்ம் 16ன் காலத்திலிருந்தும், மீதி ஒன்பது மாதத்தை அடுத்ததிலிருந்தும் பிரித்தெடுக்க வேண்டும். பே-ஸ்லிப் இல்லாமல் இது ஆகாது. பிடித்த வரியையும் இதே போலப் பிரிக்க வேண்டும். டாலருக்கு மாற்ற ஐஆர்எஸ்ஸின் ஆண்டுச் சராசரி விகிதம்: 2021க்கு 73.936, 2022க்கு 78.598, 2023க்கு 82.572. ஒரு ஆண்டுக்கு ஒரே விகிதம்தான். மாதத்துக்கு ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிப்ரவரி 27

எஃப்பார், அதாவது வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை. ஆண்டில் எந்த ஒரு நாளிலாவது வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் போட வேண்டும். கணக்குக்குப் பத்தாயிரம் இல்லை, எல்லாம் சேர்த்து. இன்றைய விலைக்கு ஒன்பது லட்சத்துக்குக் கீழேயே வந்துவிடுகிறது. இதில் பலர் சறுக்குவது அப்பாவின் கணக்கில்: "ஈதர் ஆர் சர்வைவர்" என்று பெயர் சேர்த்திருந்தால், அதில் நம் பணம் ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் முழு இருப்பையும் காட்ட வேண்டும். எஃப்டி முதிர்ந்து சேவிங்ஸுக்கு வந்து, மறுபடி எஃப்டிக்குப் போன ஐந்து லட்சம் இரண்டு மூன்று இடத்தில் உச்ச இருப்பாக ஏறும். ஏறட்டும். இது வரி இல்லை, தகவல்.

மாற்று விகிதம் வேறு: இங்கே டிசம்பர் 31ன் அமெரிக்கக் கருவூல விகிதம். சராசரியைப் போடாதே என்று ஃபைல் மேலேயே எழுதி ஒட்டியாயிற்று.

அதே திட்டத்தில் எஃப்பார் ஆறு ஆண்டுக்கு, 2018லிருந்து 2023 வரை.

மார்ச் 3

புது வறுமைக் கோட்டுப் பட்டியல் மார்ச் 1லிருந்து. இரண்டு பேருக்கு 21,150. ஐ-864க்குக் காட்ட வேண்டிய வருமானம் அதன் 125 சதவீதம், 26,437 டாலர்.

மார்ச் 9

2023ஐ, வெளிநாட்டுச் சம்பளத்தை விலக்கும் 2555 படிவத்தோடு போட்டுப் பார்த்தேன். சம்பளம் 24 லட்சம், 82.572ஆல் வகுத்தால் 29,066 டாலர். கோட்டுக்கு மேல்தான் இருக்கிறது. ஆனால் 2555 அந்தச் சம்பளம் முழுவதையும் விலக்கிவிடுகிறது; ஷெட்யூல் 1ல் கழித்தல் குறியோடு உட்கார்ந்து ரிட்டர்ன் படிவமான 1040ல் மொத்த வருமானம் காட்டும் ஒன்பதாவது வரிக்கு வரும்போது மிச்சம் பூஜ்ஜியம். ஐ-864 கேட்பதும் அதே ஒன்பதாவது வரியைத்தான். வரிக்காரர் பார்த்துச் சந்தோஷப்படும் தாளை விசா அதிகாரி பார்த்தால், இவனுக்கே சோறு இல்லை, பெண்டாட்டிக்கு எங்கே போடப்போகிறான் என்பார்.

சரி, 2555 வேண்டாம், 1116. வெளிநாட்டில் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்வது. அமெரிக்க வரி சுமார் 1,600 டாலர், இங்கே கட்டியது நாலு லட்சத்துக்கு மேல், அதாவது அதைப் போல மூன்று மடங்கு. எப்படியும் கட்டவேண்டியது ஒன்றுமில்லை, ஒன்பதாவது வரியில் 29,066 கம்பீரமாக நிற்கும். முன்பு 2555 எடுத்தவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும்: ஒருமுறை கைவிட்டால் ஐந்து ஆண்டுக்கு ஐஆர்எஸ் அனுமதி இல்லாமல் திரும்ப எடுக்க முடியாது.

மணி ஒன்று வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10

கம்பீரமாக நின்று என்ன புண்ணியம். சென்னைச் சம்பளம் சென்னையோடு போச்சு.

மார்ச் 11

நேற்றையதை விரித்து எழுத வேண்டும். ஐ-864ல் நிஜமாக எடைபோடப்படுவது இனி வரப்போகும் வருமானம். வேலையை விட்டுவிட்டுப் போகிறவரின் இந்தியச் சம்பளம் அங்கே எண்ணிக்கையில் சேராது. அதே கம்பெனி அமெரிக்கக் கிளைக்கு மாற்றுகிறது, அல்லது அங்கிருந்தே வேலை தொடரும் என்று கடிதம் கொடுத்தால் சேரும். பலர் "தற்போதைய ஆண்டு வருமானம்" கட்டத்தில் ரூபாய்ச் சம்பளத்தை டாலராக்கிப் போட்டுவிட்டு, மும்பை விசா நேர்காணலில், ஆவணம் போதாது என்று விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) தாளோடு திரும்புகிறார்கள். மனைவியின் இந்தியச் சம்பளத்துக்கும் இதே கதி.

ஆகவே ஒன்பதாவது வரியைப் பற்றி நான் அடித்துக்கொண்டது பாதி வீண். பூஜ்ஜியம் இருந்தாலும் தாக்கல் செய்திருக்க வேண்டும். 29,066 இருந்தாலும் அது போதாது.

மிச்சம் மூன்று வழி. முன்னால் போய் வேலையில் சேர்ந்து ஆஃபர் லெட்டர், பே-ஸ்லிப் காட்டுவது. சொத்து: குடிமகனின் துணைக்குப் பற்றாக்குறையைப் போல மூன்று மடங்கு. வருமானமே இல்லையென்றால் 79,311 டாலர், கிட்டத்தட்ட 69 லட்சம், அதுவும் ஓராண்டுக்குள் காசாகக்கூடியதாக. இல்லையென்றால் கூட்டு ஸ்பான்சர், அதாவது கூடவே பொறுப்பேற்கும் இன்னொருவர்.

மார்ச் 16

கல்யாணம் 2023 நவம்பர். டிசம்பர் 31 அன்று தாலி ஏறியிருந்தால் அந்த ஆண்டு முழுவதுக்கும் திருமணமானவர். "சிங்கிள்" என்று போட்டால் ஒரே ஃபைலில் கல்யாணச் சான்றிதழும் பிரம்மச்சாரி ரிட்டர்னும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அப்படிப் போட்டவர்கள் நேர்காணலுக்கு முன்பே 1040-எக்ஸ் போட்டுத் திருத்திவிட வேண்டும்.

திருமணமாகித் தனித் தாக்கல். மனைவிக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை, அந்தக் கட்டத்தில் என்ஆர்ஏ (அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர்) என்று எழுத வேண்டும். சேர்ந்து தாக்கல் செய்யலாம்தான். டபிள்யூ-7 படிவம் போட்டு ஐடின் என்ற வரி எண் வாங்கி, இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் வைத்தால் கழிவு இரட்டிப்பு. ஆனால் அவளுடைய உலக வருமானம் முழுவதும் வலைக்குள் வரும். மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி வைத்திருப்பவளை இந்த வலைக்குள் இழுத்தால் ஃபண்டுக்கு ஒரு 8621 படிவம். வேண்டவே வேண்டாம்.

மார்ச் 22

சிவப்பு மை பேனா. தெரு முனைக் கடையில் பத்து ரூபாய். ஒவ்வொரு ரிட்டர்னின் முதல் பக்கத் தலையிலும் "ஸ்ட்ரீம்லைன்ட் ஃபாரின் ஆஃப்ஷோர்" என்று சிவப்பில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சாதாரணத் தாமதத் தாக்கல் என்று எடுத்துக்கொள்வார்கள், அபராத மன்னிப்பு போய்விடும். மின் தாக்கல் கிடையாது, காகிதம், ஐஆர்எஸ்ஸின் ஆஸ்டின் அலுவலகத்துக்கு. கையெழுத்தில்லாத ரிட்டர்ன் திரும்பி வரும். வேண்டுமென்றே விடவில்லை என்று உறுதி சொல்லும் 14653 சான்றில் ஒரிஜினல் கையெழுத்து ஒன்று, அதன் நகல் மூன்று ரிட்டர்னோடும். எஃப்பார் மட்டும் ஆன்லைன். தாமதக் காரணம் "இதர", அதில் திட்டத்தின் பெயர்.

14653ல் "எனக்குத் தெரியாது" என்று ஒற்றை வரி எழுதினால் முழுமையில்லை என்று தள்ளிவிடலாம். எப்போது இந்தியா வந்தது, கணக்குகள் எதற்காகத் தொடங்கியவை, பணம் எங்கிருந்து வந்தது, ஏன் தெரியவில்லை, எப்போது தெரிந்தது. பொய்யென்றால் குற்றம் என்ற உறுதிமொழியின் கீழ். மூன்றாவது வரைவு ஓடுகிறது.

மார்ச் 29

கூரியர் போயிற்று.

ஏப்ரல் 2

கூட்டு ஸ்பான்சராக டாலஸில் அண்ணன். அவர்கள் நாலு பேர், இவள் ஐந்தாவது. ஐந்து பேருக்கு 37,650, அதன் 125 சதவீதம் 47,062. தாண்டுகிறார். அவர் தனி ஐ-864, தன் வரி டிரான்ஸ்கிரிப்ட் (ஐஆர்எஸ் தரும் தாக்கல் பதிவு), குடியுரிமைச் சான்று. அவர் கொடுத்தாலும் என்னுடைய ஐ-864 தனியாகப் போயாக வேண்டும், வரப்போகும் வருமானம் பூஜ்ஜியம் என்றே.

போனை அண்ணி வாங்கினார்கள். "எத்தனை வருஷத்துக்குப்பா இந்தக் கையெழுத்து?"

"அவ குடியுரிமை வாங்குற வரைக்கும், இல்லாட்டி நாற்பது காலாண்டு வேலைக் கணக்கு சேர்ற வரைக்கும் அண்ணி."

"நடுவுல நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டா?"

பிரிந்தாலும் கையெழுத்து பிரியாது. அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

ஏப்ரல் 15

வெளிநாட்டில் இருப்பவருக்கு 2024 தாக்கல் ஜூன் வரை தானாகத் தள்ளிப்போகும். வட்டி மட்டும் இன்றிலிருந்தே ஓடும். பாக்கி இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

ஏப்ரல் 29

டொமிசைல், அதாவது ஸ்பான்சரின் நிரந்தர இருப்பிடம். 2555ல் "இந்தியாவின் உண்மையான குடியிருப்பாளர்" என்று டிக் செய்துவிட்டு ஐ-864ல் "என் இருப்பிடம் அமெரிக்கா" என்றால் அதிகாரி எதை நம்புவார்? 2555 எடுக்கத்தான் வேண்டுமென்றால் 330 நாள் வெளிநாட்டில் இருந்தேன் என்ற கணக்கில் எடுப்பது மேல். நாளை எண்ணினால் போதும், எங்கே குடியிருக்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். ஐ-864 பக்கம், மனைவி நுழையும் தேதிக்குள் அங்கே குடியேறுவதற்கான தடயம் வேண்டும்: வங்கிக் கணக்கு, வாக்காளர் பதிவு, ஓட்டுநர் உரிமம், அண்ணன் வீட்டில் தங்குவதற்கான கடிதம், வேலை தேடிய மின்னஞ்சல்கள்.

மே 21

டிரான்ஸ்கிரிப்ட் பார்த்தேன். 2021 பதிவில்லை, 2022 பதிவில்லை, 2023 பதிவில்லை. காகிதம் ஆஸ்டினில் எந்த மேசையில் இருக்கிறதோ. டெலிவரி ரசீது, கையெழுத்திட்ட நகல், ஃபார்ம் 16 மூன்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்தேன். டிரான்ஸ்கிரிப்ட் இருந்தால் வேறு சம்பளத் தாள் தேவையில்லை. நகல் மட்டும் இருந்தால் தேவை.

ஜூன் 8

2024 தாக்கலுக்குக் கடைசி நாளான 15 ஞாயிறு. அதனால் 16. 2024க்கு 1116, மூன்று முறை கூட்டிப் பார்த்தாயிற்று. ஒன்பதாவது வரியில் எண் இருக்கிறது.

ஜூன் 16

என்ஆர்ஏ என்று போட்டதை மென்பொருள் மின் தாக்கலில் ஏற்கவில்லை. பிரின்ட் எடுத்துத் தபாலில். அவகாசம் கேட்கும் 4868ஐயும் போட்டுவைத்தேன், அக்டோபர் 15 வரை தாங்கும்.

ஜூன் 19

என்விசியிலிருந்து மெயில். அண்ணனுடைய ஐ-864ல் ஆறாவது பக்கம் இல்லையாம்.